வானூர்திச் சீட்டும் வாங்குவோர் தமிழும்



நம் குமரி மாவட்டத்தில் வானூர்தி நிலையம் இல்லை. ஆயினும், வானூர்தி ஏறாத குடும்பம் இல்லையெனும்படி கடலோர ஊர்கள் பல நம்மிடையே உள. மீனவரும் கொத்தரும் செவிலியரும் திருவனந்தபுரம் சென்று வளைகுடா நாடுகளுக்குப் பறக்கின்றனர். பல திங்கள் உழைப்பை விலையாகக் கொடுத்து வாங்கும் அச்சீட்டை, வாங்கியவர் படித்தறிய இயலவில்லை. முழுதும் ஆங்கிலக் குறுக்கங்கள்! தமிழ்க்காப்பு என்பது புலவர்தம் பொழுதுபோக்கு என்பார், இந்தத் தாளை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

வானூர்திக்கும் தமிழுக்கும் என்ன உறவு என்று வினவுவாரும் உளர். வானவூர்தி என்னும் சொல் புறநானூற்றின் 27ஆம் பாட்டிலேயே உண்டு. ஊர்தி அன்று புலவன் கற்பனை; சொல்லோ நம் உடைமை. நிற்க.

சீட்டின் விலை ஒரே விலையன்று. அதனுள் மூன்று கூறுகள் உள்ளன. முதலாவது அடிவிலை, நிறுவனம் தன் ஊர்தியில் ஏற்றிச்செல்வதற்குக் கொள்ளும் கூலி அது. இரண்டாவது எரிபொருள் மிகை. இதுவும் நிறுவனத்துக்கே சேரும். மூன்றாவது, அரசுக்கும் நிலையத்துக்கும் காவலுக்கும் செல்வது. இதற்கு நாம் புதுச்சொல் தேடி அலைய வேண்டா. வள்ளுவர் ஆண்ட ‘உல்கு’ என்னும் சொல் இருக்கிறது. உல்கு என்றே வழங்குவோம்.

இவ்வுல்கு சிறிதன்று. சிக்கன வகுப்புக்கு நடுவணரசின் சரக்கு–பணி வரி நூற்றுக்கு 5. மேல்வகுப்புகளுக்கு 12ஆக இருந்தது, 2025 செப்தம்பர் 22 முதல் 18 ஆயிற்று. திருவனந்தபுரம் நிலையம் 2021 அத்தோபரில் தனியார் ஆளுகைக்குச் சென்றது. அங்கே உள்நாட்டுப் பயணத்தில் புறப்படுவோர் செலுத்திய நிலைய வளர்ச்சிக் கட்டணம் 506 உருபாவாக இருந்து, 2024 சூலை முதல் 770 ஆயிற்று. அதுவரை வந்திறங்குவோர்க்கு இல்லாதிருந்த கட்டணமும் 330 உருபாவாகப் புகுந்தது. இறங்குவதற்கும் விலை!

இப்பிரிவினை ஏன் அறிதல் வேண்டும்? என் பழைய மாணவர் ஒருவர், தாய் நோயுற்றமையால் பயணத்தைக் கைவிட்டார். “இது நான்-ரிபண்டபிள் சீட்டு, ஒரு காசும் வாராது” என்றார் விற்ற முகவர். மாணவரும் நம்பி வாளாவிருந்துவிட்டார். உண்மை அதுவன்று. நடுவணரசின் வான்போக்குவரத்துத் தலைமை இயக்ககம் வகுத்த நெறிப்படி, நீக்கக் கட்டணம் அடிவிலையும் எரிபொருள் மிகையும் சேர்ந்த தொகையை விஞ்சலாகாது. உல்குத் தொகையைத் திருப்பியே தீர்தல் வேண்டும். பயணி வாராதுபோயினும் அங்ஙனமே. முகவர்வழி வாங்கிய சீட்டாயினும் திருப்பும் பொறுப்பு நிறுவனத்தையே சாரும். வெளிநாட்டு நிறுவனமாயின் அதன் தாய்நாட்டு நெறி செல்லும். ஆகவே வாங்கும்போதே கேட்டுக்கொள்க. ‘திருப்பப்படாச் சீட்டு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அந்த முகவரின் பொய்க்குத் தமிழும் துணைபோகும். ‘அடிவிலை மீளாச் சீட்டு’ என்க. எது மீளாது, எது மீளும் என்பது சொல்லிலேயே விளங்கும்.

அடுத்து, ஒரே வரிசையில் அமர்ந்த இருவர் வெவ்வேறு விலை கொடுத்திருப்பர். இஃது ஏமாற்றோ என்பர் பலர். கும்பப்பூ நெல்லைப் பத்தாயத்தில் இட்டு, விலை ஏறும்வரை காக்கலாம். பறந்துவிட்ட ஊர்தியின் வெற்றிருக்கையை மறுநாள் விற்க முடியுமா? ஆதலால், இருக்கைகளைப் பல விலைப்படிகளாகப் பகுத்து, முந்துவோர்க்குத் தாழ்ந்த படியும் பிந்துவோர்க்கு உயர்ந்த படியுமாக விற்கின்றனர். ஒவ்வொரு படிக்கும் ஓர் எழுத்துக் குறி. தாழ்ந்த படியில் கட்டுப்பாடு மிகுதி. ஓணமும் கிறித்துப் பிறப்பும் பள்ளி விடுமுறையும் நெருங்கினால், கீழ்ப்படிகள் அடைபட்டு மேற்படிகளே எஞ்சும். வீட்டை நினைத்து ஏங்குபவனின் ஏக்கத்தை அளந்து விலையிடும் இக்கணக்கு முறைதானா என்பது வேறு வினா; எனக்கு உடன்பாடில்லை.

இம்முறையை வளர்த்தவர் அமெரிக்கன் ஏர்லைன்சு நிறுவனத்தின் தலைவராயிருந்த இராபர்ட்டு கிராண்டல். அவர் இதற்கிட்ட ஆங்கிலப் பெயரில் ‘விளைச்சல்’ என்று பொருள்படும் சொல்லே இருக்கிறது. வயற்சொல்லை அவர்கள் வானில் ஏற்றினர். கலப்பையின் பெயரையே நாட்டுக்குப் பெயராகக் கொண்ட நாம் மட்டும் கூசுவானேன்? ‘விளைவாட்சி’ என்போம்.

இன்னும் இரண்டே சொற்கள். ‘டைரக்ட்’ என்றால் இடையில் நிற்காது என்று எண்ணற்க. ஊர்தியெண் மாறாதென்பதே அதன் பொருள். வழியில் இறங்கி ஏறலாம். ‘நான்-ஸ்டாப்’ என்பதே நில்லாச் செலவு. முன்னதை ஓரெண் செலவு என்போம்.

மற்றொன்று, இடையூரில் ஊர்தி மாறுவோர்க்கு. முழுப்பயணமும் ஒரே சீட்டாயின், முதல் ஊர்தி காலந்தாழ்ந்து அடுத்ததைத் தவறவிட்டாலும் நிறுவனம் வழிசெய்யும். விலை குறைவென்று இரு தனிச்சீட்டு வாங்கியிருப்பின் இரண்டாமவர் கைவிரிப்பர். முன்னதைத் தொடர்ச்சீட்டு, பின்னதைத் தனிச்சீட்டு என வழங்கலாம். பணம் கொடுக்குமுன் முகவரிடம் “தொடர்ச்சீட்டா, தனிச்சீட்டா?” என்று தமிழிலேயே கேளுங்கள்.