வாசற்படியில் நின்றுவிடும் மனிதர்கள்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

நம் மஹல்லாவில் தையற்கடை நடத்திவந்த சகோதரர் ஒருவர், பக்கவாதத்தால் வலக்கையும் வலக்காலும் தளர்ந்து, ஓராண்டுக்கு மேல் வீட்டிற்குள்ளேயே இருந்தார். நாம் சென்று நலம் விசாரித்தோம். இயன்ற பொருளுதவியும் செய்தோம். அத்துடன் கடமை முடிந்ததென்று எண்ணினோம். அவர் வெளியே வரத் தடையாக இருப்பது எது என்று மட்டும் நாம் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர், ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்முறைச் சிகிச்சை பயின்ற ஒரு பெண்மணி. பிசியோதெரபி தளர்ந்த உறுப்புக்கு வலுவூட்ட முயல்கிறது. இச்சிகிச்சையோ, எஞ்சியிருக்கும் வலுவைக்கொண்டு அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிறது. உடல் இணங்காதவிடத்து, வீட்டையும் கருவியையும் உடலுக்கு இணங்க மாற்றியமைக்கிறது.

"நீங்கள் பிறர் துணையின்றிச் செய்ய விரும்புவது எது?" என்று அப்பெண்மணி வினவினார். "இரவில் மனைவியை எழுப்பாமல் கழிவறைக்குச் சென்றுவர வேண்டும்" என்றார் அவர். உடனிருந்த நமக்குப் பேச நா எழவில்லை.

பின்னர் நடந்தவை பெருஞ்செலவு பிடித்த காரியங்கள் அல்ல. பாதங்கள் தரையில் நன்கு பதியுமாறும், எழுவது எளிதாகுமாறும் கட்டிலின் உயரம் சரிசெய்யப்பட்டது. காலை வழுக்கும் விரிப்புகள் அகற்றப்பட்டன. குந்தி அமரும் கழிப்பிடம் நாற்காலி போன்றதாக மாற்றப்பட்டு, வலுவுள்ள இடப்பக்கச் சுவரில் கைப்பிடிக் கம்பி பதிக்கப்பட்டது. திருகுக் குழாய்க்குப் பதிலாக, தட்டினால் திறக்கும் நெம்புக் குழாய் வந்தது. சட்டையை முதலில் தளர்ந்த கையில் மாட்டி, பின்னர் நல்ல கையை நுழைக்கவும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்கவும் அவர் பழகினார். "கால் மணி நேரமானாலும் அவரே அணியட்டும், நீங்கள் காத்திருங்கள்" என்று வீட்டாருக்கு அறிவுறுத்தப்பட்டது. எல்லாவற்றையும் நாமே செய்துகொடுப்பது அன்புதான். ஆனால் அவ்வன்பே ஒருவரின் கையிலிருந்து வேலையைப் பறித்துவிடுவதும் உண்டு.

அடுத்துக் கடையின் முறை. மிதிப் பொறிக்கு மோட்டார் பொருத்தி, அதை இயக்கும் மிதியை இடக்காலின் கீழ் வைத்தனர். துணி வெட்டுவதை உதவியாளர் ஏற்றார். இன்று அவர் நேர்த்தையல்களைத் தைக்கிறார். கணக்கையும் தாமே பார்க்கிறார். முன்போல் வேகமில்லை, ஆயினும் கடை அவருடையது.

வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் அவர்களின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. 1954ஆம் ஆண்டு நேர்ந்த கார் விபத்தில் அவருடைய இரு கால்களும் செயலிழந்தன. ஆயினும், அமர்ந்தபடியே செய்யக்கூடிய கை அறுவை சிகிச்சையைக் கற்று, சக்கர நாற்காலியில் இருந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்படுத்தினார். வேலூர் பாகாயத்தில் 1966ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் பயனாகும்.

பார்வையற்றவரான இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் பாங்கு சொல்லும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். நாமோ, நம் பள்ளிவாசலின் முன்னே மூன்று படிகளைக் கட்டிவைத்திருக்கிறோம். அந்தச் சகோதரர் கடைவரை வந்துவிட்டார். அப்படிகளின் முன்னே நின்றுவிடுகிறார். சக்கர நாற்காலியில் வருபவருக்கோ அது மதில்.

ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. நம் படிகளின் உயரம் ஒன்றரை அடி. பதினெட்டு அடி நீளம் போதும். பக்கச் சுவரை ஒட்டி அதற்கு இடமுண்டு. இருபுறமும் கைப்பிடி, மூன்றடிக்குக் குறையாத வாயில், ஒளுச் செய்யுமிடத்தில் சாய்ந்தமரும் இருக்கைகளும் நெம்புக் குழாய்களும் இரண்டு: இவையே நாம் நிர்வாகக் குழுவின் முன் வைக்கும் கோரிக்கை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பொது இடங்கள் அவர்கள் வந்துசெல்ல ஏற்றவையாக இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் சொல்வதற்கு முன்பே நாம் செய்திருக்க வேண்டும்.

இன்று வீடு திரும்பியதும், உங்கள் வீட்டு வாசற்படியையும் குளியலறையையும் ஒருமுறை உற்று நோக்குங்கள். நாளை முதுமை நம் அனைவரையும் அவ்வழியேதான் நடத்திச் செல்லவிருக்கிறது. வல்ல இறைவன் நம் எண்ணங்களைச் செயலாக்கி வைப்பானாக! வஸ்ஸலாம்.