எண் ஆறும் நானும்



ஒரு தொலைக்காட்சித் தொடரின் கடைசிப் பகுதியைப் பார்ப்பதற்கு எனக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன. இடையில் பல ஆண்டுகள் அதை நான் அடியோடு மறந்தே இருந்தேன் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அந்தத் தொடரைப் பற்றியும், அது முதுமையில் மீண்டும் என்னைத் தேடி வந்ததைப் பற்றியுமே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

1983-ஆம் ஆண்டு. வரலாற்றில் மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு நகரத்தில் தங்கியிருந்தேன். எங்கள் விடுதியின் பொது அறையில் பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருந்தது. நாடெங்கும் வண்ணப் பெட்டிகள் வந்துவிட்ட பின்னரும் அது மட்டும் கறுப்பு வெள்ளையிலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தது. இலையுதிர் காலத்தின் குளிர்ந்த இரவுகளில், கணப்பின் அருகே இடம் பிடிப்பதற்காகவே நான் அந்த அறைக்குப் போவது வழக்கம். அவ்வாறு போன ஓர் இரவில்தான் 'தி பிரிஸனர்', அதாவது 'கைதி' என்னும் தொடரின் மறு ஒளிபரப்பைக் கண்டேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். பிரிட்டிஷ் ஒற்றர் ஒருவர் கோபத்தோடு மேலதிகாரியின் அறைக்குள் நுழைந்து, மேசையை ஓங்கிக் குத்தி, தம் பதவியைத் துறக்கிறார். வீடு திரும்பிப் பயணத்திற்குப் பெட்டி கட்டுகிறார். சாவித்துவாரத்தின் வழியே புகை வருகிறது; மயங்கி விழுகிறார். கண் விழிக்கும்போது அதே அறை, அதே மேசை, அதே நாற்காலி. சன்னலைத் திறந்தால் மட்டும் வெளியே லண்டன் மாநகரம் இல்லை. மணிக்கூண்டும் குவிமாடமும் பூந்தோட்டமுமாக முன்பின் தெரியாத ஓர் ஊர் தெரிகிறது.

அந்த ஊருக்குப் பெயர் கிடையாது. 'கிராமம்' என்றுதான் அழைக்கிறார்கள். அங்கே மனிதர்களுக்கும் பெயர் கிடையாது. நம் கதாநாயகருக்குக் கிடைத்த எண் ஆறு. ஊரை ஆளுபவர் எண் இரண்டு. பெரும்பாலும் வாரத்திற்கு ஒரு புதிய மனிதர் அந்தப் பதவியில் வந்து அமர்கிறார். எண் ஒன்று யார் என்று கேட்டால் யாரும் விடை சொல்வதில்லை. எண் இரண்டாக வருபவர் ஒவ்வொருவருக்கும் தெரியவேண்டியது ஒன்றுதான்: பதவியை ஏன் துறந்தாய்? எண் ஆறு அதைச் சொல்ல மறுக்கிறார். தாம் ஓர் எண் அல்லர், சுதந்திர மனிதர் என்று அவர் முழங்குவதும், அதற்கு விடையாக ஒரு சிரிப்பொலி எழுவதும் பெரும்பாலான பகுதிகளின் தொடக்கத்தில் வரும்.

சிறைக் கதைகள் நாம் அறியாதவை அல்ல. ஆனால் இந்தச் சிறையில் கம்பியும் இல்லை, விலங்கும் இல்லை. காலையில் ஒலிபெருக்கி இனிய குரலில் வணக்கம் சொல்லி வானிலையை அறிவிக்கிறது. மக்கள் கோடிட்ட மேலங்கியும் வண்ணக் குடையுமாக உலாவுகிறார்கள். பாண்டு வாத்தியம் முழங்குகிறது. எண் ஆறு கடைக்குப் போய் ஒரு வரைபடம் கேட்கிறார். கடைக்காரர் கொடுக்கும் படத்தில் அந்தக் கிராமம் மட்டுமே இருக்கிறது. அதைச் சுற்றிலும் 'மலை', 'கடல்' என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். இதைவிடப் பெரிய படம் இல்லையா என்றால், அதற்கு இங்கே தேவை ஏற்படுவதில்லை என்கிறார் கடைக்காரர். தப்பியோட முயல்பவரை விரட்டிப் பிடிப்பது எது தெரியுமா? காவலர் படையன்று. ஆளுயரத்திற்கும் மேலான ஒரு வெள்ளைப் பலூன்! அது உருண்டும் துள்ளியும் வந்து முகத்தில் கவிந்து மூச்சடைக்கச் செய்கிறது. முதலில் அதற்கென ஓர் இயந்திர வண்டியைச் செய்தார்களாம். அது நினைத்தபடி இயங்கவில்லை. வானிலை ஆராய்ச்சிக்காகப் பறக்கவிடும் பலூன் ஒன்றைக் கண்டதும் அதையே காவலாளியாக்கி விட்டார்கள். சொல்லக் கேட்டால் சிரிப்பு வரும்; பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கனவில் நம்மைத் துரத்தும் பொருளுக்குக் காரண காரியம் உண்டா? அதைப் போன்றதுதான் இதுவும்.

இவ்வளவையும் கற்பித்தவர்களில் முதன்மையானவர் பாட்ரிக் மக்கூஹன் என்ற நடிகர். 1928-இல் நியூயார்க்கில் பிறந்து, அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் வளர்ந்தவர். 'டேஞ்சர் மேன்' என்ற ஒற்றர் தொடரில் நடித்துப் பெரும்புகழ் ஈட்டியிருந்த வேளையில் அதைக் கைவிட்டு, இந்த விபரீதமான கற்பனையோடு லூ கிரேட் என்ற தயாரிப்பாளரிடம் சென்றார். ஏழு பகுதிகள் போதும் என்பது மக்கூஹனின் எண்ணம். அமெரிக்காவில் விற்க வேண்டுமானால் இருபத்தாறு வேண்டும் என்பது கிரேடின் கணக்கு. முடிவில் பதினேழு பகுதிகள் உருவாயின. பிரிட்டனில் 1967 செப்டம்பரில் ஒளிபரப்புத் தொடங்கியது. கிராமமாக நாம் காணும் ஊர் வேல்ஸ் நாட்டின் வடபகுதியில், ஓர் ஆற்றுக் கழிமுகத்தில் உண்மையாகவே இருக்கிறது. போர்ட்மெய்ரியன் என்று பெயர். கிளஃப் வில்லியம்ஸ் எல்லிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1925-இல் தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் அதைக் கட்டினார். இத்தாலியக் கடற்கரை ஊரின் சாயலில், இங்குமங்கும் இடிபடவிருந்த பழைய கட்டடங்களின் பகுதிகளைக் கூடக் கொண்டுவந்து பொருத்தி எழுப்பிய ஊர் அது. இடம் எது என்பது கடைசிப் பகுதி வரையில் பார்வையாளர்களுக்கு வெளியிடப்படவில்லை.

எங்கள் விடுதிக் காப்பாளர் முதியவர். 1968 பிப்ரவரியில் தொடரின் முடிவைப் பார்த்துவிட்டுக் கொதித்தவர்களில் அவரும் ஒருவர். அன்றிரவு தொலைக்காட்சி நிலையத்தின் தொலைபேசிகள் ஓயவில்லை என்பார்கள். ஒற்றர் கதைக்குரிய விடையை எதிர்பார்த்திருந்த மக்களுக்குப் புதிரின் மேல் புதிராக ஏதோ கிடைத்ததாம். "எண் ஒன்று யார் ஐயா?" என்று நான் எத்தனையோ முறை கேட்டேன். "சொல்ல மாட்டேன். பதினேழு வாரம் காத்திருந்து நான் ஏமாந்தேன், நீயும் காத்திருந்து ஏமாந்து போ" என்று அவர் சொல்லிவிட்டார். எனக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. டிசம்பரில் படிப்பு முடிந்து ஊர் திரும்ப நேர்ந்தது. இறுதிப் பகுதிகள் எஞ்சி நின்றன. எண் ஒன்று ஏதோ ஒரு பகை நாட்டுத் தலைவராகத்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதன் பிறகு ஆசிரியர் வேலை, குடும்பம், ஓய்வு.

2023 கோடை விடுமுறையில், கல்லூரியில் படிக்கும் என் பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய கல்லூரித் திரைப்படக் கழகத்தில் யாரோ அந்த வெள்ளைப் பலூனின் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். "தாத்தா, இதைப் பாருங்கள், என்ன வேடிக்கை!" என்று மடிக்கணினியை என் முன் வைத்தாள். எனக்கு ஒரு கணம் கணப்பின் வெப்பம் முகத்தில் பட்டதுபோல் இருந்தது. அன்று தொடங்கி இரவுக்கு ஒரு பகுதியாகப் பதினேழையும் இருவரும் பார்த்தோம்.

முதல் இரவே எனக்கு ஓர் அதிர்ச்சி. என் நினைவில் இருந்த கிராமம் சாம்பல் நிறமானது. திரையில் இருந்ததோ இளஞ்சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் திருவிழாக் கடைபோல் மின்னிற்று. அமெரிக்கச் சந்தையைக் கருதித் தொடரை வண்ணத்தில்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் பிரிட்டனில் அதை ஒளிபரப்பிய அலைவரிசைக்கு 1969-இல்தான் வண்ணம் வந்தது. ஆகவே எங்கள் காப்பாளரைப் போன்ற முதல் பார்வையாளர்கள் அனைவரும், ஓட்டைப் பெட்டியின் புண்ணியத்தில் நானும், ஒரு சிறைக்குப் பொருத்தமான நிறத்திலேயே அந்தச் சிறையைப் பார்த்திருக்கிறோம். அது இவ்வளவு அழகான இடம், மனம் ஒப்பித் தங்கிவிடக்கூடிய இடம் என்பது எனக்கு அப்போதுதான் புலப்பட்டது. எண் ஆறின் பிடிவாதத்தின் அளவும் அப்போதுதான் தெரிந்தது.

'தி ஜெனரல்' என்று ஒரு பகுதி. மாணவர்களாகிய நீங்கள் இதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். கிராமத்தில் ஒரு புதிய கல்வி முறை அறிமுகமாகிறது. மூன்று ஆண்டுகள் படிக்க வேண்டிய வரலாற்றுப் பாடம் மூன்றே நிமிடங்களில் திரையின் வழியாக மூளையில் பதிந்துவிடும். மறுநிமிடமே ஊரார் எல்லோரும் ஆண்டும் தேதியுமாக ஒப்பிக்கிறார்கள். ஒருவர் சொன்ன சொல்லை மற்றவரும் மாறாமல் சொல்லுகிறார். எண் ஆறின் வாயிலிருந்தும் அதே சொற்கள் வருகின்றன, அவரே திடுக்கிடுகிறார். பிறகு அவர் ஊர்வாசி ஒருவரிடம், அட்ரியனோபிள் உடன்படிக்கை என்பது என்ன என்று கேட்கிறார். '1829 செப்டம்பர்' என்று விடை வருகிறது. நான் கேட்டது 'என்ன' என்று, 'எப்போது' என்று அல்லவே என்கிறார் அவர்.

1983-இல் இந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். இம்முறை பேத்திதான் சிரித்தாள்.

நேயர்களே, நான் 31 ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன். கற்பித்தேன் என்பதைவிடக் குறிப்புகளை வாய்மொழியாகச் சொல்லி எழுத வைத்தேன் என்பதே பொருந்தும். என் வகுப்பில் தேர்ச்சி விழுக்காடு குறைந்ததே இல்லை. அதற்காகப் பாராட்டும் பெற்றேன். ஒருமுறை, போருக்குரிய காரணங்கள் ஐந்தை நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின் வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இந்த ஐந்தும் அதற்கு முந்தின ஆண்டிலும் இருந்தனவே, அப்போது ஏன் போர் மூளவில்லை?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இன்றைக்கும் எனக்கு அதற்கு முழுமையான விடை சொல்ல வராது. அன்று நான் சொன்ன விடை: "அது பரீட்சைக்கு வராது, உட்கார்." வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்தாள், அதற்குப் பின் எழவே இல்லை. அவள் பெயர் மறந்துவிட்டது, முகம் மறக்கவில்லை.

அந்தப் பகுதியின் முடிவில், பாடங்களையெல்லாம் படைத்து வந்த 'ஜெனரல்' ஒரு மனிதர் அல்லர், ஒரு கணிப்பொறி என்று தெரியவருகிறது. எந்தக் கேள்விக்கும் அது விடை சொல்லும் என்று எண் இரண்டு பெருமை அடித்துக்கொள்கிறார். எண் ஆறு ஒரே ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து கொடுக்கிறார்: 'ஏன்?' இயந்திரம் புகைந்து வெடிக்கிறது. இயந்திரத்தைப் படைத்த பேராசிரியரும், எண் ஆறுக்குத் துணை நின்ற இளைஞர் ஒருவரும் அதில் மாண்டு போகிறார்கள். கணிப்பொறி 'ஏன்' என்ற கேள்வியால் வெடிக்குமா என்று பேத்தி எள்ளினாள். விஞ்ஞான முறைப்படி அவள் சொல்வது சரியே. நான் அவளோடு வாதிக்கவில்லை.

'செக்மேட்' என்ற மற்றொரு பகுதியிலும் என் பழைய எண்ணம் மாறியது. புல்வெளியில் மனிதர்களே காய்களாக நின்று சதுரங்கம் ஆடுகிறார்கள். எண் ஆறு ஒரு சோதனையைக் கண்டுபிடிக்கிறார்: அதட்டிப் பேசினால் பணிந்து போகிறவன் கைதி, நிமிர்ந்து பேசுகிறவன் காவலன். இவ்வாறு தேர்ந்தெடுத்த கைதிகளைக் கொண்டு தப்பிக்கத் திட்டம் வகுக்கிறார். திட்டம் கெடுகிறது. ஏன்? அந்தக் கைதிகளும் அதே சோதனையை அவரிடம் செய்து பார்த்துவிட்டார்கள். அவருடைய அதிகாரத் தோரணையைக் கண்டு, இவனும் காவலன்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். இளமையில் அவர்களை முட்டாள்கள் என்று எண்ணினேன். இப்போது அவ்வாறு எண்ணத் துணிவு வரவில்லை.

இறுதியில் அந்தக் கடைசிப் பகுதி. மக்கூஹனே எழுதி இயக்கியது. முகமூடி அணிந்த ஒரு சபை. அதன் நடுவே எண் ஆறுக்கு அரியணை. அவர் பேச வாயெடுத்தபோதெல்லாம் சபையின் கூச்சல் அவர் குரலை மூழ்கடிக்கிறது. பிறகு எண் ஒன்றைக் காண அவரை அனுப்புகிறார்கள். வெள்ளை அங்கியும் முகமூடியுமாக ஓர் உருவம் நிற்கிறது. முகமூடியைப் பறிக்கிறார், உள்ளே ஒரு குரங்கு முகம். அதையும் பறிக்கிறார். உள்ளே, வெறிபிடித்தாற்போல் சிரித்துக்கொண்டு, அவருடைய முகமே இருக்கிறது. ஒரு கணந்தான்; உருவம் ஓடி மறைந்துவிடுகிறது. அதன் பின் துப்பாக்கி வேட்டும், லாரியில் தப்பியோட்டமுமாகக் கதை லண்டனை அடைகிறது. அவருடைய வீட்டுக் கதவு தானாகத் திறந்து மூடிக்கொள்கிறது, கிராமத்து வீட்டின் கதவு திறந்ததைப் போலவே. முதற்பகுதியின் முதற்காட்சியில் கண்ட அதே சாலை, அதே கார், அதே முகம். முடிந்தது.

1968-இல் காப்பாளர் ஏன் கோபப்பட்டார் என்று எனக்கு விளங்கியது. பகை நாட்டுத் தலைவர் ஒருவர் வந்திருந்தால் அன்றிரவு நான் நிம்மதியாக உறங்கியிருப்பேன். ஆயினும் கோபித்தவர்களின் தொலைக்காட்சித் தொடர் மறைந்துவிடவில்லை. 1977-இல் அன்பர்கள் சேர்ந்து அதற்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். போர்ட்மெய்ரியனில் கூடி மனிதச் சதுரங்கம் ஆடியும் இருக்கிறார்கள். 2009-இல் வேறு நடிகர்களைக் கொண்டு புதிதாகவும் எடுத்தார்கள்; அதில் பழைய வேகம் இல்லை என்பது என் அபிப்பிராயம். அதே ஆண்டில் மக்கூஹனும் காலமானார்.

மடிக்கணினியை மூடிவிட்டுப் பேத்தி கேட்டாள்: "எல்லாம் சரி, தாத்தா. அவர் பதவியை ஏன் விட்டார்? அதைக் கடைசிவரை சொல்லவே இல்லையே!"

மூன்று காரணங்கள் என்று தொடங்கினேன். விரலைக்கூட மடக்கிவிட்டேன். பிறகு நிறுத்திக்கொண்டு, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டேன். அவள் சொன்னது எனக்கு உடன்பாடில்லை. நான் சொன்னதை அவள் ஏற்கவில்லை. இரவு பன்னிரண்டு மணிவரை வழக்காடிவிட்டு, முதற்பகுதியை மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்த்தோம்.