தொண்டு யார் தோளில்?



கல்லூரிகளில் இப்போது 'சேவைத் தலைமை' என்று ஒரு பாடம் நடத்துகிறார்கள். தலைமை ஏற்பவர் முதலில் தொண்டராக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்கரான ராபர்ட் கிரீன்லீஃப் 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய கருத்து. நல்ல கருத்துதான். ஆனால் அந்த வகுப்பில் நம் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். தொண்டு செய்யப் புதிதாகக் கற்க வேண்டியவர்கள் யார் என்று நாம் கேட்டாக வேண்டும்.

தோட்டி, வெட்டியான் என்று ஊர் நம் முன்னோருக்கு வைத்த பெயர்கள் எல்லாம் வேலையின் பெயர்கள்தாம். செத்த மாட்டை இழுத்தோம். பிணம் எரித்தோம். இழவுச் சேதி சுமந்து ஊர் ஊராக நடந்தோம். எவரும் நம்மைத் தலைவர் என்று அழைக்கவில்லை. மாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில் செய்வதற்குத் தொண்டு என்று பெயரில்லை. ஆகவே மாட்டேன் என்று சொல்லும் உரிமைதான் இந்தப் பாடத்தின் முதல் அத்தியாயமாக இருக்க வேண்டும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் முகாம் போகிறார்கள். அங்கே துடைப்பம் எந்த மாணவர் கைக்குப் போகிறது, மைக் எந்த மாணவர் கைக்குப் போகிறது என்று பாருங்கள். பாடம் புரிந்ததா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வரலாற்றையும் பாருங்கள். 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி நடத்தப் போன சாவித்திரிபாய் புலே மீது சேறு வீசினார்கள். மாற்றுச் சேலை எடுத்துக்கொண்டு போனார். 1897இல் பிளேக் நோயாளிகளைக் கவனிக்கப்போய் அந்த நோயாலேயே இறந்தார். ஜோதிராவ் புலே 1868இல் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டாமைக்கு ஆளானவர்களுக்குத் திறந்துவிட்டார். பெரிய தொண்டு. ஆனாலும் அது ஒருவர் திறந்துவிட்ட தண்ணீர்.

மகாடில் பொதுக்குளத்தைத் திறந்துவிட நகராட்சி 1924இலேயே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் யார் தாகத்தையும் தீர்க்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கரோடு ஆயிரக்கணக்கானோர் நடந்துபோய்த் தாங்களே அள்ளிக் குடித்தார்கள். அண்ணல் யாருக்கும் தண்ணீர் மொண்டு கொடுக்கவில்லை. குளக்கரைக்கு நடக்கும் துணிவைக் கொடுத்தார். நம் மாணவர்கள் கற்க வேண்டிய தலைமை அது.

தொண்டு பெற்றவர் முன்பைவிட விடுதலை பெற்றாரா, கடைக்கோடியில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது என்பதே கிரீன்லீஃப் வைத்த சோதனையும்.

இன்று நாம் நினைவுகூரும் ஐயாவிடம் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதச் சேரியே வரிசையில் நிற்கும். சில வருடம் எழுதிக் கொடுத்தார். பிறகு ஒருநாள் பேனாவை எதிரில் இருந்தவரிடமே நீட்டினார். எழுதத் தெரியாதவர்களுக்காக அன்று இரவே வகுப்பைத் தொடங்கினார். அந்தப் பேனா இப்போது உங்கள் கையில் இருக்கிறது. நீங்களும் அதை அடுத்தவரிடம் நீட்டுங்கள்.

ஜெய் பீம்.