இளைஞர் பாலியல் நலக் கல்வியில் செவிலியர் பங்கு

(ஜாதவ்பூரில் நிகழ்த்தப்பெற்ற உரை)

நம் நாட்டின் கல்வி வரலாற்றில் ஜாதவ்பூருக்குத் தனி இடம் உண்டு. சுதேசி இயக்கக் காலத்தில், 1906-இல், தோன்றிய தேசியக் கல்விக் கழகத்தின் வழியில் 1955-இல் இங்குப் பல்கலைக் கழகம் உருவாயிற்று. 1988-இல் அங்கு மகளிர் ஆய்வுப் பள்ளி தொடங்கப்பெற்றது. கல்வியும் மகளிர் நலனும் சந்திக்கும் ஒரு பணியைப் பற்றி இங்குச் சிந்திப்பது பொருத்தமே.

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21), 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 18 வயது நிறையுமுன் மணமானோர் நாடு முழுவதிலும் 23.3 சதவீதம், மேற்கு வங்காளத்தில் 41.6 சதவீதம். முந்தைய ஆய்விலும் (2015-16) இம்மாநிலத்தின் அளவு இதுவேயாகும். 15 முதல் 19 வயதுப் பெண்களில் தாயாகியிருந்தோரும் கருவுற்றிருந்தோரும் நாட்டில் 6.8 சதவீதம், இங்கு 16.4 சதவீதம். 2013-இல் தொடங்கிய கன்யாஸ்ரீ திட்டம், மணமாகாமல் கல்வியைத் தொடரும் பெண்களுக்கு ஆண்டு உதவித் தொகையும் 18 வயதில் 25,000 ரூபாயும் வழங்குகிறது. பள்ளியில் நிலைத்திருக்க இப்பணம் துணை செய்யும். உடலைப் பற்றிய அறிவை அது தந்துவிடாது.

அவ்வறிவை யார் தருவது? 2005-இல் வகுக்கப்பட்ட வளரிளம் பருவக் கல்வித் திட்டம் 2007-இல் பல மாநிலங்களில் எதிர்ப்பைச் சந்தித்தது. 2020-இல் தொடங்கிய பள்ளி நலத் திட்டம் பள்ளிக்கு இரு ஆசிரியரிடம் இப்பொறுப்பை ஒப்படைக்கிறது. ஆனால் மதிப்பெண் இடுபவரிடம் மாணவர் மனம் திறப்பது அரிது. பெற்றோரிடமோ கூச்சம் தடுக்கிறது. செவிலியர் நிலை வேறு. உடலைப் பற்றிப் பேசுவது அவரது அன்றாடத் தொழில். ஐயத்தைத் தீர்ப்பதோடு பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் வழிகாட்ட அவரால் இயலும். நியூயார்க் நகரம் 1902-லேயே பள்ளிகளில் செவிலியரை அமர்த்தியது. தொற்றுநோயால் வகுப்புக்கு வராதோர் தொகை வெகுவாகக் குறைந்தது.

2014-இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தின்கீழ், 10 முதல் 19 வயது வரையுள்ளோருக்குத் தனி ஆலோசனை மையங்கள் அமைந்தன. மேற்கு வங்காளத்தில் இவை 'அன்வேஷா' எனப்படுகின்றன. மாதவிடாய், இரத்தசோகை, கருத்தடை, பால்வினை நோய்கள் ஆகியவை பற்றி இங்கு அறியலாம். பெண்களுக்கு மட்டுமே உரியது இக்கல்வி என்ற எண்ணம் தவறு. ஆண் பிள்ளைகளுக்கும் இது சம அளவில் தேவை.

செவிலியர் எதிர்கொள்ளும் கடினமான சிக்கல் ஒன்று உண்டு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டோர் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்; தவறுவது தண்டனைக்குரியது. இருவரும் விரும்பிய உறவாயினும் சட்டம் விலக்களிப்பதில்லை. இதற்கு அஞ்சும் சிறுமி மையத்தின் பக்கமே வராமல், தகுதியற்றவரிடம் கருக்கலைப்புக்குச் செல்லக்கூடும். கருக்கலைப்பு நாடும் சிறுமியின் பெயரை, அவளும் அவளது காப்பாளரும் வேண்டினால், மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதை இரகசியமாகக் காக்க இயலும், எதை இயலாது என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே செவிலியர் நேர்மையாகச் சொல்வது நலம். நம்பிக்கையின் அடிப்படை அதுவே.

சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை நல மையம் என்பது விதிமுறை. தடுப்பூசி, பேறுகாலப் பராமரிப்பு, பதிவேடுகள் எனப் பல கடமைகளைச் சுமக்கும் கிராமச் செவிலியரிடம், மேலும் ஒரு பணியை ஆணையால் மட்டும் சேர்ப்பது பயன் தராது. தக்க பயிற்சி, ஒதுக்கப்பட்ட நேரம், கதவு அடைத்துப் பேச ஓர் அறை ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றுக்காகும் செலவு சிறிது. உரிய வயதுக்கு முன் தாயாகும் பெண் இழக்கும் கல்வியும் உடல்நலமும் ஈட்டக்கூடிய வருவாயும் இச்செலவினும் பன்மடங்கு பெரியவை. திட்டமிடுவோர் கணக்கிட வேண்டியது இந்த இழப்பையே.