நம் பிள்ளைகளும் ஓவியக் கல்வியும்
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் பேசுவதற்கு நமக்குத் தலைப்பு எதுவும் வரையறுக்கப்படவில்லை. கல்வியைப் பற்றி ஏதேனும் பேசுங்கள் என்று செயலாளர் அவர்கள் நம் விருப்பத்திற்கே விட்டுவிட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இம்மேடையில் மருத்துவம், பொறியியல், சட்டம், ஆட்சிப்பணி ஆகியவற்றைப் பற்றிப் பலரும் பேசியிருக்கின்றனர், நாமும் பேசியிருக்கிறோம். இன்று, இங்கு இதுவரை யாரும் எடுத்துக்கொள்ளாத ஒரு கல்வியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். அது ஓவியமும் சிற்பமும் பயிலும் கல்வி. இதற்கா ஒரு மேடை என்று முன்வரிசையில் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. அவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் நம் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறோம். நாம் வரலாற்று ஆசிரியராக இருந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பில் நம் சமுதாயத்துப் பையன் ஒருவன் இருந்தான். அவனுடைய வரலாற்று நோட்டில் முன்பக்கம் நான்கு தாள்களில் மட்டுமே பாடம் இருந்தது. பின்பக்கத்திலிருந்து தொடங்கி நோட்டு முழுவதும் படங்கள். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, வெற்றிலை இடிக்கும் பாட்டி, நுகத்தடியில் தலை சாய்த்த மாடு, மூக்கின் நுனியில் கண்ணாடி சரிய நின்றுகொண்டிருக்கும் நாம்! படம் நன்றாகவே இருந்தது. அதனால்தானோ என்னவோ, கோபம் மிகுதியாக வந்தது. "உங்கப்பன் கூலி வேலை செய்து உன்னைப் படிக்க அனுப்புவது இதற்காகவா?" என்று கடிந்து, நோட்டைப் பிடுங்கி நிலைப்பேழையில் வைத்துப் பூட்டினோம்.

அவன் பத்தாம் வகுப்போடு நின்று, போர்டு எழுதுபவர் ஒருவரிடம் சேர்ந்தான். ஃபிளெக்ஸ் பேனர் வந்து அத்தொழிலையும் விழுங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளிக்கு வண்ணம் பூச வந்தவர்களில் ஒருவர் ஏணியிலிருந்து இறங்கி வந்து வணங்கினார். அவரேதான். நலம் விசாரித்த பிறகு, "ஐயா, அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். நிலைப்பேழையிலிருந்த பழந்தாள்களை நாம் மாறுதல் பெற்று வந்தபோதே எடைக்குப் போட்டிருந்தார்கள். நம்மால் விடை சொல்ல இயலவில்லை.

அன்றிலிருந்து, பிற நாடுகளில் இத்தகைய பிள்ளைகளை என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம். அப்படித் தெரிந்துகொண்டவற்றுள் ஒன்றைச் சொல்கிறோம்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 1936-ஆம் ஆண்டு ஓர் உயர்நிலைப் பள்ளி தொடங்கப்பட்டது. இசையிலோ ஓவியத்திலோ திறமுடைய பிள்ளைகளுக்கென்றே நகர மேயர் லா கார்டியா என்பவர் அதனை ஏற்படுத்தினார். தனியார் பள்ளி அன்று. கட்டணம் இல்லாத பொதுப்பள்ளி. கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த ஹார்லெம் பகுதியை ஒட்டி, 135-ஆம் தெருவில், ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கென்று முன்னர்க் கட்டிய கட்டடத்தில் அது நடந்தது. பாபாசாகேப் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய இடம். 1984-இல் அப்பள்ளி நிகழ்கலைப் பள்ளி ஒன்றுடன் இணைந்து வேறு கட்டடத்திற்கு மாறியது. இன்று அது அம்மேயரின் பெயரையே தாங்கியிருக்கிறது. பழைய கட்டடத்தில் பின்னர் அமைந்த பள்ளிக்கு, கறுப்பினத் தொழிலாளர் தலைவராகிய ஏ. ஃபிலிப் ராண்டால்ஃபின் பெயரைச் சூட்டினார்கள்.

அப்பள்ளியின் முறை கவனிக்கத்தக்கது. அங்குப் பயிலும் பிள்ளைக்குக் கணிதமும் அறிவியலும் வரலாறும் மற்றப் பள்ளிகளைப் போலவே உண்டு. அவற்றோடு, நாள்தோறும் ஓவியத்திற்கென்று பாடவேளைகள் உண்டு. படம் வரைகிறவன் படிப்பில் மந்தமானவன் என்ற எண்ணத்திற்கு அங்கே இடமே இல்லை. நம் பள்ளிகளில் ஓவியப் பாடவேளை எப்படிக் கழிகிறது என்பது மாணவர்களுக்குத் தெரியும். கணித ஆசிரியர் வந்து, "இந்த பீரியடை எனக்குக் கொடுங்கள்" என்பார். நாமும் தலைமையாசிரியர் என்ற முறையில் பலமுறை கொடுத்திருக்கிறோம்.

இனி, சேர்க்கைக்கு வருவோம். அப்பள்ளியில் இடம் கேட்கும் பிள்ளை, தான் முன்னரே வரைந்த படங்களைத் தொகுத்துக் காட்ட வேண்டும். எதிரில் இருக்கும் மனித உருவத்தைப் பார்த்து வரைதல், பொருள்களை நினைவிலிருந்து வரைதல், கற்பனையாக வண்ணப்படம் ஒன்று தீட்டுதல் ஆகிய சோதனைகளும் நடந்து வந்தன. திறமைக்கு மட்டுமே மதிப்பு. இதைவிட நேர்மையான முறை எது என்று தோன்றும். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நாளடைவில் அப்பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளின் பங்கு, நகரத்தில் அவர்களுக்குள்ள பங்கை விட மிகக் குறைந்துபோயிற்று. அது அங்கே பெரிய வழக்காகப் பேசப்பட்டது. காரணம் என்ன? பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் படத்தொகுப்பு இருக்க வேண்டுமானால், அதற்கு முன்பே தாளும் வண்ணமும் வாங்கித் தந்தவர் ஒருவர் வேண்டும். இது நன்றாக இருக்கிறது, இதைப் பத்திரப்படுத்து என்று சொன்னவர் ஒருவர் வேண்டும். வசதியுள்ள வீட்டில் தனிப்பயிற்சியே உண்டு. இல்லாத வீட்டுப் பிள்ளையின் படத்தொகுப்பு எங்கே இருக்கும்? அது யாரோ ஓர் ஆசிரியரின் நிலைப்பேழையில் இருக்கும்.

அதே ஹார்லெமில் இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. ஜேக்கப் லாரன்ஸ் என்ற கறுப்பினச் சிறுவன் 1930-இல், பதின்மூன்றாம் வயதில் அங்கு வந்து சேர்ந்தான். தாய் வீட்டுவேலை செய்து பிழைத்தவர். மாலை நேரத்தில் பையன் தெருவில் திரியாதிருக்கட்டும் என்று, உடோப்பியா சிறுவர் இல்லம் என்ற இடத்தில் நடந்த கைவினை வகுப்பில் சேர்த்துவிட்டார். அங்கே சார்ல்ஸ் ஆல்ஸ்டன் என்ற இளம் ஓவியர் அவன் திறமையைக் கண்டுகொண்டார். வறுமையால் பதினாறாம் வயதில் பள்ளியை விட்டு, சலவைக் கடையில் வேலைக்குப் போனான். ஆயினும் ஹார்லெமில் நடந்த ஓவிய வகுப்புகளை விடவில்லை. அகஸ்டா சாவேஜ் என்ற கறுப்பினச் சிற்பி அம்மையார், அரசின் வேலைத் திட்டத்தில் ஓவியனாகவே அவனுக்கு ஊதியம் கிடைக்க வழி செய்தார்.

1941-இல், இருபத்து மூன்று வயதில், லாரன்ஸ் அறுபது படங்கள் கொண்ட வரிசையொன்றை முடித்தார். தென்மாநிலக் கொடுமைகளிலிருந்து கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வடக்கே குடிபெயர்ந்த வரலாறே அதன் பொருள். அறுபது பலகைகளையும் ஒருசேரப் பரப்பி, ஒரு வண்ணத்தை எல்லாவற்றிலும் பூசி முடித்த பிறகே அடுத்த வண்ணத்தை எடுத்தாராம். படங்கள் அனைத்தும் ஒரே குரலில் பேசுவது போலத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். அவற்றுள் ஒன்றில் மூன்று சிறுமிகள் நமக்கு முதுகைக் காட்டி நின்று, கையை உயரத் தூக்கிக் கரும்பலகையில் எண்களை எழுதுகிறார்கள். அவ்வளவுதான் படம். ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த நம்மை அப்படம் அசைத்துவிட்டது. அவ்வரிசையில் ஒற்றைப்படை எண்ணுள்ளவை வாஷிங்டன் நகரத்திலும், இரட்டைப்படை எண்ணுள்ளவை நியூயார்க்கிலும் பெரிய கலைக்கூடங்களில் இருக்கின்றன. பள்ளிப்படிப்பை இடையில் விட்ட அவர் பின்னாளில் பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஆனார். அந்த மாலை வகுப்பு அங்கே இல்லாதிருந்தால், அவரும் சலவைக் கடையோடு நின்றிருக்கலாம்.

இங்கே நம் நிலைமையைப் பார்ப்போம். சென்னையில் 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளியை 1852-இல் அரசு ஏற்றுக்கொண்டது. அதுவே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. மெரினாவில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை வடித்த ராய் சௌத்ரி அதன் முதல்வராக இருந்தவர். பாறையை நெம்பும் அந்த நான்கு பேரின் முதுகையும் தோளையும் பாருங்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் முதுகும் தோளும் அவை. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு நிறுவனத்தில் மரபுச் சிற்பமும் கட்டடக் கலையும் கற்பிக்கிறார்கள். தந்தை மகனுக்கு என்று குடும்பத்துக்குள்ளேயே கைமாறி வந்த வித்தை அது. கோயிலுக்குள் நுழையவே தடுக்கப்பட்ட மக்களின் பிள்ளை, அச்சிலையின் அளவுகளை வகுப்பில் உட்கார்ந்து கற்கலாம் என்றால், அது சிறிய மாற்றமா?

ஆனால் இவையெல்லாம் மேல்நிலைக் கல்வி முடித்த பிறகுதான். சேர்க்கைக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. அன்று முதன்முறையாகத் தூரிகையைப் பிடிக்கிறவன் என்ன செய்வான்? பள்ளியிலே பயிற்சி கிடைக்குமென்றால், ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளிகளே மிகுதி. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை அரசு அமர்த்தியது. தொகுப்பூதியத்தில், வாரத்தில் சில அரைநாள்கள் வந்து போகும் அவர்களைக் குறை கூற நமக்கு வாயில்லை. 2022 முதல் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்தப்பெற்று வருகிறது, நல்ல முயற்சி. எனினும் போட்டி என்பது பயிற்சி ஆகாது.

பெற்றோர்களின் அச்சத்தையும் நாம் அறிவோம். தலைமுறை தலைமுறையாகக் கையால் உழைத்துச் செத்தோம். இப்போதுதான் பிள்ளை கையில் பேனா வந்திருக்கிறது. மறுபடியும் கைவேலையா என்று ஒரு தாய் நம்மிடம் நேரிலேயே கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்கு நம் விடை இது: பறையடி என்று ஊரார் ஏவி, மறுத்தால் அடித்த வேலை வேறு, பிள்ளை தானே விரும்பி எடுக்கும் வேலை வேறு. மனிதன் தன் தொழிலைத் தானே தேர்ந்தெடுக்கச் சாதி விடுவதில்லை என்பதைத்தான் பாபாசாகேப் 1936-இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலில் விளக்கினார். எழுத்தராகலாம், ஓவியராகக் கூடாது என்று நாமே விதித்தால், அந்தத் தடையை வேறொரு கையால் போடுகிறோம்.

பிழைப்புக்கு வழி உண்டா என்றால், உண்டு. ஆனால் எளிது என்று பொய் சொல்லமாட்டோம். கவின் கலைக் கல்லூரியில் வண்ணக்கலை, சிற்பம் மட்டுமன்றி, காட்சிவழித் தகவல் வடிவமைப்பு, துகில் வடிவமைப்பு, சுடுமண் வடிவமைப்பு ஆகியவையும் உள்ளன. இவற்றைக் கற்றவர்க்கு அச்சகம், ஆடைத் தொழில், திரைப்படம், கணினி வரைகலை ஆகிய துறைகளில் வேலை உண்டு. தூரிகை மட்டும் போதும் என்று இருப்பவர் பல ஆண்டுகள் துன்பப்பட நேரும். ஆகவே, நியூயார்க்குப் பள்ளியில் போல, மற்றப் பாடங்களை விடாமலே இதைப் படிக்க வேண்டும். 'லோயர்', 'ஹையர்' என்று நாம் வழக்கில் சொல்லும் அரசு ஓவியத் தேர்வுகளைப் பள்ளிப் பருவத்திலேயே எழுதிவிடுவதும் நல்லது. பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறோம். கோலத்தோடு அவர்கள் கை நின்றுவிட வேண்டியதில்லை.

கழகத்தாரிடம் நம் வேண்டுகோள் இதுதான். மாலை நேரக் கணித, ஆங்கில வகுப்புகள் நடக்கும் நம் கட்டடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டியே கிடக்கிறது. அதில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு தொடங்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை உறை கொடுத்து, வரைந்த படங்களையெல்லாம் தேதியிட்டு அதில் சேர்த்து, கழக அலமாரியிலேயே வைக்க வேண்டும். அலமாரியின் திறவுகோல் நம்மிடம் வேண்டா. வேறு எவரிடமேனும் இருக்கட்டும்.

கற்பிக்க ஆள் வேண்டுமே என்பீர்கள். முன்னர்ச் சொன்ன அந்த நண்பரிடம் பேசியிருக்கிறோம். அடிப்படையைத் தம்மால் சொல்லிக்கொடுக்க முடியும் என்றார். ஆண்டில் சில நாள்கள் கல்லூரியில் பயின்ற ஓவியர் ஒருவரையும் அழைக்க வேண்டும் என்பது அவரே சொன்ன யோசனை. ஞாயிற்றுக்கிழமையில் வேலைக்குப் போனால் அவருக்கு ஒரு நாள் கூலி உண்டு. அதை இழந்து வாருங்கள் என்று சொல்வது முறையன்று. அக்கூலியைக் கழகம் கொடுக்க வேண்டும். முதல் ஆறு மாதத்திற்கு உரியதை நாம் தருகிறோம். படம் வரையும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அவர்கள் பெயரை இன்று விழா முடிவதற்குள் செயலாளர் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். நோட்டின் பின்பக்கத்தில் வரைகிறவர்களையும் சேர்த்துக் கொடுங்கள்.