கோல், நரம்பு, முள்

கண்மாய்க் கரையில் மூங்கில் கோலின் நுனியில் நரம்பைக் கட்டி, தக்கை எப்போது அமிழும் என்று காத்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். ஏறக்குறைய அதே கருவியைக் கொண்டு ஜப்பானின் மலை ஓடைகளில் வளர்ந்த ஒரு மீன்பிடிக் கலையைப் பற்றி இன்று பேசுகிறேன். அதன் பெயர் டெங்காரா.

நரம்பைச் சுற்றிவைக்கும் உருளை இதில் கிடையாது. மூன்றரை மீட்டர் அளவிலான, எடை குறைந்த கோல். அதன் நுனியிலேயே கட்டிய நரம்பு. முனையில் இறகும் நூலும் சுற்றிய முள். புழு இல்லை, தக்கையும் இல்லை. யமாமே, அமாகோ, இவானா என்ற டிரௌட் குடும்பத்து மீன்களை மலைவாசிகள் இப்படிப் பிடித்து விடுதிகளுக்கு விற்றுப் பிழைத்தார்கள்.

மலை ஓடை பாறையில் மோதி இருபுறமும் சீறிப் பாயும். பாறைக்குப் பின்னால் கையகல இடத்தில் மட்டும் நீர் அடங்கிக் கிடக்கும். மீன் நிற்பது அங்கேதான். உடம்புக்கு அலுப்பில்லை, பக்கத்து ஓட்டம் பூச்சிகளைக் கொண்டுவந்து கொடுக்கும். அங்கே முள்ளைப் போட்டாலும், நரம்பு வேக நீரில் படிந்தால் மறுகணமே முள்ளை இழுத்துப் போய்விடும். அதனால் டெங்காராக்காரர் கோலை உயர்த்தி, நரம்பைக் காற்றிலேயே தாங்குகிறார். நீரைத் தொடுவது இறகும் அதையொட்டிய சிறு இழையும்தான். இந்தக் கலையின் உயிர் அந்தத் தாங்கலில் இருக்கிறது.

சகாசா கெபரி என்ற முள்ளில் இறகு முன்பக்கம் சாய்ந்திருக்கும். லேசாகச் சுண்டினால் குடைபோல் விரியும், விட்டால் குவியும். உயிருள்ள பூச்சியென்று மீன் ஏமாறுவது இந்த அசைவில்தான். மீன் ஓட்டத்தை எதிர்த்து நிற்பதால், கீழிருந்து மேலேறி முதுகுப்புறமாக அணுகுவார்கள். நிழல்கூட நீரில் விழக் கூடாது.

குறையும் உண்டு. நரம்பை விட்டுப் பிடிக்க வழியில்லாததால், பேராற்றின் பெரிய மீனுக்கு இது உதவாது. காற்று வீசினால் இலகுவான நரம்பு சொன்னபடி கேட்காது. ஆனால் சிற்றோடைக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் அறியேன்.

2009-இல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு, உலகெங்கும் பலர் இதைக் கற்கிறார்கள். பூச்சிக்குப் பூச்சி முள் மாற்றும் மேற்கத்திய மரபுக்கு நடுவே, ஒரே வகை முள்ளோடு ஓடைக்குப் போகும் டெங்காரா மூத்தவர்கள் உண்டு. மீன் கடிக்காதபோது அவர்கள் திருத்திக்கொள்வது தம் கையை, தாம் நிற்கும் இடத்தை. அந்தப் பணிவுக்காகவே இந்தக் கலையை நான் உயர்வாக மதிக்கிறேன்.