இருட்டில் எந்தக் கேமரா பார்க்கும்?

(ஜமாஅத் குடும்பங்களுக்காக நமது அறக்கட்டளைக் கூடத்தில் இஷா தொழுகைக்குப் பின் நடந்த கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



அறக்கட்டளைக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவி பற்றித்தான் பேசுவோம், இன்று கேமராவைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்டீர்கள். காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் ஆண்கள் பலர் வளைகுடாவிலும் கொழும்பிலும் ஹாங்காங்கிலும் இருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்களிலும் பலருக்குத் துறைமுகத்தில் நைட் ஷிப்ட். வயதான உம்மாவும் மருமகளும் பிள்ளைகளும் தனியாக இருக்கும் வீடு இல்லாத தெரு நம்மிடம் இல்லை. அதனால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்பி, "உம்மா, ஒரு கேமரா வைத்துவிடுங்கள்" என்கிறார்கள். இங்கே கடைக்காரர் பகலில் டிவியில் படம் போட்டுக் காட்டுகிறார். பளிச்சென்று இருக்கிறது. வாங்கிவிடுகிறோம். இரவில் அது என்ன காட்டுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஏதாவது நடந்த பிறகுதான் பார்க்கிறோம்.

ஆகவே, கடந்த மாதம் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். இந்தக் கட்டடத்தின் பின்சுவரில், தெரு விளக்கு எட்டாத முடுக்கைப் பார்த்து, மூன்று விதக் கேமராக்களைப் பக்கம் பக்கமாக மாட்டினோம். ஒன்று சாதாரண 2 மெகாபிக்சல், இரவில் கறுப்பு வெள்ளை. இரண்டாவது 5 மெகாபிக்சல், அதுவும் இரவில் கறுப்பு வெள்ளை. மூன்றாவது மறுபடியும் 2 மெகாபிக்சல்தான், ஆனால் லென்ஸ் பெரியது, இரவிலும் வண்ணம் காட்டும் என்று சொல்லி விற்பது. நம் பையன்களையே அஸருக்குப் பிறகும், மஃரிபுக்குப் பிறகும், நள்ளிரவிலும் அதன் முன்னால் நடக்கச் சொன்னோம்.

அஸருக்குப் பிறகு 5 மெகாபிக்சல்தான் முதலிடம், அதில் சந்தேகமில்லை. நள்ளிரவில் அதுதான் கடைசி. பலருக்கு இது ஆச்சரியமாக இருந்தது. கேமராவுக்குள் இருக்கும் சென்சார் என்பது வெளிச்சத்தைப் பிடிக்கும் ஒரு சிறு தகடு. மழைநீர் பிடிக்க முற்றத்தில் பாத்திரம் வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முற்றம் அதே முற்றம், பாத்திரங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் ஒவ்வொன்றும் சிறிதாகிவிடும், ஒவ்வொன்றிலும் விழும் துளியும் குறைந்துவிடும். சென்சாரைப் பெரிதாக்காமல் மெகாபிக்சலை மட்டும் கூட்டினால் இரவில் இதுதான் நடக்கிறது. படம் முழுக்க மணல் தூவியது போலப் புள்ளிகள்.

லென்ஸுக்கு எஃப் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். எண் சிறிதானால் வாய் பெரிது. எஃப் 2.0 லென்ஸைவிட எஃப் 1.0 லென்ஸ் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பெட்டியில் மெகாபிக்சலைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் இந்த எண்ணைப் பொடி எழுத்தில் போடுகிறார்கள். தேடிப் படியுங்கள். சென்சார் அளவும் அங்கேதான் இருக்கும். 1/2.8 அங்குலத்தைவிட 1/1.8 அங்குலம் பெரியது.

அதே பெட்டியில் "0.005 லக்ஸ்" என்று ஒன்று இருக்கும். லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. பௌர்ணமி நிலவொளியே 0.3 லக்ஸைத் தாண்டாது. அப்படியானால் இந்தக் கேமரா அமாவாசையிலும் பார்க்குமே என்று தோன்றும். பார்க்கும், நிற்கிற சுவரைப் பார்க்கும். வெளிச்சம் குறையும்போது கேமரா தன் கண்ணை நெடுநேரம் திறந்துவைத்துப் படம் பிடிக்கிறது. ஒரு மனிதர் சாதாரணமாக நடந்தால் நொடிக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் போவார். கேமரா நொடியில் 12இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் அவர் 12 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். முகத்தின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். பிறகு எங்கே முகம் தெரியும்? திருட வருகிறவன் கேமராவுக்கு முன் வந்து நின்று போஸ் கொடுப்பதில்லை. ஆகவே கடையில் சுவரையோ பூந்தொட்டியையோ காட்டினால், "விளக்கை அணைத்துவிட்டு ஆளை நடக்கவிட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

இனி, கறுப்பு வெள்ளை விஷயம். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.

இரவில் சாதாரணக் கேமரா நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தானே அடித்து, திரும்பி வருவதைப் படமாக்குகிறது. பெரும்பாலானவை 850 நானோமீட்டர் வகை. அருகில் போனால் மங்கிய சிவப்புப் பொட்டுகளாகத் தெரியும். 940 வகையில் அந்தப் பொட்டும் தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறைவு. அந்த ஒளியில் நிறம் என்பதே கிடையாது. அதுமட்டுமல்ல, துணியின் சாயம் நம் கண்ணுக்கு ஒருவிதமாகவும் அந்த ஒளிக்கு வேறுவிதமாகவும் நடந்துகொள்கிறது. கறுப்புச் சாயம் போட்ட பாலியஸ்டர் துணி பல, அதில் சாம்பலாகவோ வெள்ளையாகவோ தெரியும். நம் சோதனையில் கறுப்பு புர்கா ஒன்றைக் கம்பில் மாட்டிவைத்தோம். படத்தில் அது ஏறக்குறைய வெள்ளை. பக்கத்திலேயே வேறு துணியில் தைத்த கறுப்பு புர்கா கறுப்பாகவே இருந்தது. சங்கு குளிக்கப் போகிற நம் ஊர் ஆட்களுக்கு இது புதிதல்ல. ஆழத்தில் சிவப்பு போய்விடும், கையில் காயம்பட்டால் ரத்தம் சிவப்பாகவே தெரியாது என்று அவர்கள் சொல்வார்கள். ஒளி மாறினால் நிறம் மாறும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம்? சென்ற ஆண்டு நம் பகுதியில் ஓர் இருசக்கர வாகனம் இரவில் காணாமல் போனது. எதிர்வீட்டுக் கேமராவில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. முகம் இல்லை. அந்தத் துண்டுப் படம் மறுநாள் காலை எல்லார் கைபேசியிலும் இருந்தது. அன்றிரவு வெள்ளைச் சட்டையோடு அந்த வழியே வீட்டுக்குப் போன பையன் ஒருவன், வாப்பா இல்லாதவன், நம் கல்வி நிதியில் படிக்கிறவன், நான்கு நாள் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அவன் உம்மா வேலைக்குப் போகிற வீட்டில் "இனி வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாம் நாள் ஒரு பெட்ரோல் பங்கின் கேமராவில் அதே வண்டி, அதே இரவு. அங்கே விளக்கு வெளிச்சம் பகல்போல இருந்ததால் வண்ணப்படம். ஓட்டி வந்தவன் போட்டிருந்தது கறுப்பு டி-ஷர்ட். எதிர்வீட்டுக் கேமரா பொய் சொல்லவில்லை. அதன் மொழி தெரியாமல் நாம் படித்தோம்.

இரவுப் படத்தில் சட்டை நிறத்தை வைத்து யாரையும் அடையாளம் சொல்லக் கூடாது என்பதை இந்தக் கூட்டத்தின் தீர்மானமாகவே வைக்க விரும்புகிறோம்.

தூரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரை இன்னார் என்று அடையாளம் சொல்ல, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்கிறது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62676 தர வரிசை. 2 மெகாபிக்சல் கேமராவின் அகலம் 1920 பிக்சல். வகுத்துப் பார்த்தால் ஏழரை மீட்டர் அகலக் காட்சி வரைதான் முகம் தேறும். கடைகளில் பொதுவாகக் கொடுக்கும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸில் அது சுமார் 3 மீட்டர் தூரம். 6 மில்லிமீட்டர் லென்ஸானால் 7 மீட்டர் வரை போகலாம், ஆனால் அகலம் சுருங்கும். இதெல்லாம் பகல் கணக்கு, இரவில் இன்னும் குறையும். "30 மீட்டர் நைட் விஷன்" என்றால் 30 மீட்டரில் ஏதோ அசைகிறது என்று தெரியும், அவ்வளவுதான். மாடியில் ஏற்றி தெருவையே பார்க்கிற மாதிரி ஒன்று வைப்பதைவிட, வாசல் நடைக்கு நேராக, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒன்று வைப்பது மேல்.

மூன்றாவது கேமரா, அந்தப் பெரிய லென்ஸ்காரன், எப்படி என்று கேட்பீர்கள். முடுக்கில் ஒரு சிறு விளக்கு எரிந்தபோது மற்ற இரண்டையும் எங்கோ விட்டுவிட்டது. சட்டை நிறம், செருப்பு நிறம்வரை தெரிந்தது. விளக்கை அணைத்ததும் அது தன் வெள்ளை விளக்கைப் போட்டது. படம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எதிர்வீட்டு ஜன்னலில் இரவு முழுக்க வெளிச்சம், ஊர்ப் பூச்சியெல்லாம் அதில். ஆகவே எங்கள் அபிப்பிராயம் இதுதான். விலை உயர்ந்த கேமராவுக்கு முன்னால் ஒரு 9 வாட் எல்இடி பல்பு போடுங்கள். இரவு 12 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு மூன்றேகால் யூனிட்தான். பல்பு கேமராவுக்குப் பின்னாலோ மேலேயோ இருக்கட்டும். கேமராவின் கண்ணுக்கு நேரே இருந்தால் வருகிறவர் நிழலாகிவிடுவார்.

நம் கடற்கரைக்கென்று தனித் தொல்லை உண்டு. உப்புக் காற்று கண்ணாடியில் படலமாகப் படியும். பகலில் தெரியாது. இரவில் கேமராவின் சொந்த ஒளியே அதில் பட்டுச் சிதறி, படம் பால் ஊற்றியது போலாகும். குண்டு வடிவக் கேமராவில் இது இன்னும் மோசம். சிலந்தி வலையும் அப்படித்தான். வாரம் ஒருமுறை முதலில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு மெல்லிய துணியால் துடையுங்கள். காய்ந்த உப்போடு தேய்த்தால் கீறல் விழும். ஐபி 67 என்று எழுதியிருப்பது தண்ணீருக்கும் தூசிக்கும்தான், உப்பு அரிப்புக்கு அல்ல. இணைப்புகளைப் பெட்டிக்குள் வைத்து மூடச் சொல்லுங்கள்.

பதிவு எத்தனை நாள் இருக்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 22 ஜிபி. 1 டெராபைட் டிஸ்கில் ஒரு கேமராவுக்கு ஒன்றரை மாதம், நான்குக்குப் பதினொரு நாள். இரவுப் படத்தில் புள்ளிகள் அதிகமானால் இடமும் அதிகம் தின்னும்.

இந்த விஷயத்தில் நம் மாவட்டத்துக்குப் பெரிய பாடம் உண்டு. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் வியாபாரிகளான தந்தையும் மகனும் கைது செய்யப்பட்டு, பிறகு காவலில் இருந்த நிலையிலேயே இறந்தார்கள். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், காவல் நிலையத்தில் 1 டெராபைட் டிஸ்க் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கை கொடுத்தார். கேமரா இருந்தது, டிஸ்க் இருந்தது, அந்த இரவு மட்டும் இல்லை. முதல் தகவல் அறிக்கையில் எழுதியதற்கு மாறான காட்சி அக்கம்பக்கக் கேமராவில் பதிவாகியிருந்ததாகத் தொலைக்காட்சிகளில் வந்ததை நாமெல்லாம் பார்த்தோம். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி என்ற வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் இரவிலும் பார்க்கக்கூடிய, ஒலியும் பதிவாகும் கேமராக்கள் வேண்டும், பதிவு 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. வீட்டுக்கு ஓராண்டு தேவையில்லை. 15 நாளாவது இருக்கட்டும்.

ஏதாவது நடந்தால் டிவி திரையைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். மூலப் பதிவைப் பென்டிரைவில் எடுத்து, பெட்டியை அப்படியே வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, இத்தகைய பதிவோடு சான்றிதழ் வைக்க வேண்டும். அதை எழுத நம் அலுவலகத்தில் உதவி செய்வோம்.

ஒன்று மிச்சம். நம் வீடுகளில் பெண்கள் போக வர முடுக்கு இருக்கிறது. அடுத்த வீட்டு லாத்தா முடுக்கில் நடப்பதும், கொல்லையில் துணி காயப்போடுவதும் உங்கள் கேமராவில் விழக்கூடாது. அனுமதி கேட்காமல் பிறர் வீட்டுக்குள் நுழையாதே என்று அந்நூர் அத்தியாயமும், பிறர் அந்தரங்கத்தைத் துருவாதே என்று அல்ஹுஜுராத் அத்தியாயமும் நமக்குச் சொல்லியிருக்கின்றன. கேமராவும் ஒரு கண்தான். பெரும்பாலான பெட்டிகளில் ஒரு பகுதியைக் கறுப்புக் கட்டமாக மறைக்கும் வசதி இருக்கிறது. மாட்ட வருகிற தம்பியிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுத் திரையையும் காட்டிவிடுங்கள். வாங்கும்போது மத்திய அரசின் எஸ்டிக்யூசி சான்று பெற்ற மாடலா என்று பாருங்கள், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வாசலை யார் யாரோ பார்ப்பார்கள்.

மூன்று கேமராக்களும் இப்போது பின்பக்கம் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலில் தாய்மார்கள் போய்ப் பாருங்கள், பிறகு ஆண்கள். கறுப்புத் துணி, வெள்ளைத் துணி இரண்டும் அங்கே தொங்குகின்றன. தனியாக இருக்கும் விதவைத் தாய்மார்கள், வாசல் விளக்கு இல்லாதவர்கள் பெயரைப் போகும்போது மேசையில் எழுதிவிட்டுப் போங்கள். பல்பும் ஹோல்டரும் நிதியிலிருந்து தருகிறோம். நம் எலக்ட்ரீஷியன் காக்கா ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து மாட்டித்தருவார், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.